நூற்றெட்டு டிகிரியில் நிற்காதது

லிங்கராஜபுரம், பெங்களூர்
19 ஏப்ரல் 1998

நோயல்,

நீ ராய்ச்சூர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதைக் கஸ்தூரிரங்கன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். லாட்ஜ் விலாசத்தையும் அவரிடம்தான் கேட்டு வாங்கினேன். கட்டிய மனைவி ஆபீஸ் டைரக்டரிடம் போய்ப் புருஷனின் விலாசம் கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, "என்னம்மா, ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையா?" என்றார். பக்கத்து மேசையில் சுஹாஸ் இருந்தான். திரையில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டான்.

சண்டை போட இதை எழுதவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் என்னை முடிக்கவிடவில்லை, அதனால் எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். நீ பேச ஆரம்பித்தால் நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். ஆபீஸ் மெயிலில் தமிழ் எழுத முடியாது. எழுத முடிந்தாலும் பத்துப் பேர் படிப்பார்கள்.

உன் சார்ஜர் போர்டு கிராமத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது. ஏற்றும்போது அதிலிருக்கும் டிரான்சிஸ்டர் சூடாகிறது. சூடானால் அதன் மின்தடை கூடுகிறது. தடை கூடினால் இன்னும் சூடாகிறது. இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். கம்ப்யூட்டரில் நான் எழுதிய சால்வர் அந்தப் போர்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூட்டை உத்தேசமாக வைத்து, சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே போகும். திருத்தம் போகப் போகக் குறைந்து ஓரிடத்தில் நிலைத்தால் அதுதான் விடை. மற்ற போர்டுகள் எல்லாம் நிலைத்தன. உன்னுடையது நிலைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மேலே போனது. அதனால்தான் "இந்தப் போர்டுக்கு விடை இல்லை" என்றேன்.

நீ சிரித்தாய். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "அமெரிக்கா போறது இவளுக்குப் பிடிக்கல. வீட்டுச் சண்டைய என் போர்டு மேல காட்றா."

அதற்குப் பிறகு சுஹாஸை விட்டு சால்வரில் ஏதோ மாற்றச் சொன்னார்கள். மறுநாளே விடை வந்துவிட்டது. நூற்றெட்டு டிகிரி. டிரான்சிஸ்டர் தாங்குவது நூற்றிருபத்தைந்து வரை. கஸ்தூரிரங்கனுக்கு ஒரே சந்தோஷம். "நூத்தியெட்டு! நல்ல நம்பர்" என்றார். என் கையெழுத்து இல்லாமலே ரிப்போர்ட் போனது, பின்னாலேயே அந்தப் போர்டு வைத்த எக்ஸ்சேஞ்ச் பெட்டிகளோடு நீயும் போனாய்.

அந்த நூற்றெட்டு எப்படி வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்து முடிக்கும்வரை பெட்டிகளின் கதவை மூடிவிட்டு வராதே. இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

அலர்மேல்மங்கை


ராய்ச்சூர்
26 ஏப்ரல் 1998

மங்கா,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கல்யாண ரிஜிஸ்டரில் போட்ட பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

இங்கே வெயில் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. லாட்ஜில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது. இந்த வெயிலில் ஊர் ஊராகப் போய்ப் பெட்டி மாட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் துணையாக டெலிபோன் இலாகாவின் லைன்மேன் ஒருவர் வருகிறார். கோவிந்தன் என்று பெயர். அவருடைய அப்பா ஆம்பூர்க்காரர், அவர் பிறந்து வளர்ந்தது ராய்ச்சூர். கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். கம்பத்தில் ஏறினால் மேலேயே உட்கார்ந்து பீடி குடித்துவிட்டுத்தான் இறங்குவார்.

நேற்று மல்லாபுரத்தில் மாட்டினோம். அங்கே பஞ்சாயத்துக் கட்டடத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. சாவி சந்திரம்மா என்கிற அங்கன்வாடி டீச்சரிடம் இருக்கிறது. அவருடைய மகள் மஸ்கட்டில் வீட்டு வேலை செய்கிறாளாம். எக்ஸ்சேஞ்ச் வந்தால் மகளோடு பேசலாம் என்று தினமும் வந்து அறையைப் பெருக்கி வைக்கிறார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் கும்பிட்டேன்.

டிரான்சிஸ்டரில் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை ஒட்டி அளந்து பார்த்தேன். எண்பத்து நான்கு. உன் சால்வருக்குத் தெரியாத விடை போர்டுக்குத் தெரிந்திருக்கிறது.

என் போர்டு உன் மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்று உனக்கே தெரியும். இந்த வேலை முடிந்த சான்று கிடைத்தால்தான் கலிஃபோர்னியாக்காரன் ஜூனில் என்னை எடுத்துக்கொள்வான். அதுவும் உனக்குத் தெரியும். வாரா வாரம் நான் கேட்பேன், நீ "இன்னும் நிலைக்கல" என்பாய். என் இடத்தில் நீ இருந்தால் என்ன நினைத்திருப்பாய்? நான் நினைத்ததைச் சொன்னேன். இடம் தப்பு என்று வேண்டுமானால் சொல்.

அம்மாவைப் போய்ப் பார்த்தாயா?

நோயல்


லிங்கராஜபுரம்
3 மே 1998

நோயல்,

அத்தையைப் பார்த்தேன். உன் அம்மா உன்னைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். நாம் பேசிக்கொள்வதில்லை என்று நான் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சோறு போட்டுவிட்டுக் காரணம் எதுவும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நூற்றெட்டு எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். சுஹாஸிடமே கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. "மேடம், அது பாட்டுக்கு மேல போயிட்டே இருந்தது. அதனால ஒவ்வொரு திருத்தத்தையும் பத்துல ஒரு பங்காக் குறைச்சேன். அப்புறம் நின்னுடுச்சு" என்றான். திருத்தத்தைக் குறைப்பது தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் சால்வர் எப்போது நிற்கும்? ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே வித்தியாசம் மிகச் சிறியதாகிவிட்டால் நிற்கும். அடியைச் சின்னதாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அடி சின்னதாக இருக்கிறது, ஆகையால் ஊர் வந்துவிட்டது என்று முடிவு செய்திருக்கிறது. சுஹாஸுக்குச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கேட்டது டைரக்டர், அவனுக்கு வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நான் வேறு விதமாகப் பார்த்தேன். நூற்றெட்டு டிகிரியில் டிரான்சிஸ்டருக்குள் பிறக்கும் சூடு எவ்வளவு, வெளியேறும் சூடு எவ்வளவு என்று நேராகக் கணக்கிட்டேன். பிறப்பது அதிகம். கொஞ்சம்தான் அதிகம், ஆனால் அதிகம். அப்படியானால் அது நிற்கும் இடம் இல்லை. சால்வரை நிறுத்தாமல் ஓடவிட்டேன். நூற்றெட்டைச் சுற்றி ஊர்ந்துகொண்டே இருந்தது. நானே நின்றுவிட்டது என்று ஏமாந்திருப்பேன். பிறகு நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து, அப்புறம் ஒரே ஓட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் போர்டுக்கு விடை இல்லை என்று நான் சொன்னது முழுச் சரியில்லை. அறையின் சூடு நாற்பது டிகிரி வரை இருந்தால் விடை இருக்கிறது, நல்ல விடை. நாற்பதைத் தாண்டினால் அந்த விடை காணாமல் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதில்லை, திடீரென்று இல்லாமல் போகிறது. இலாகா கேட்டது நாற்பத்திரண்டு வரை. ஆகவே மழைக்காலத்தில் அது நல்ல போர்டு. பெங்களூரில் வருஷம் முழுக்க நல்ல போர்டு. நீ இருக்கும் ஊரில், இந்த மாதத்தில் மட்டும் ஆபத்து.

நீண்ட பவர்கட்டுக்குப் பிறகு மதியத்தில் கரண்ட் வந்தால் பேட்டரி காலியாக இருக்கும், சார்ஜர் முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடும். அந்த நேரம்தான் பயமாக இருக்கிறது. உன் எண்பத்து நான்கை எப்போது அளந்தாய்? கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

கடைசியாக ஒன்று. அமெரிக்கா வேண்டாம் என்று சமையலறையில் உன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு போர்டு தேவைப்படவில்லை.

மங்கை


ராய்ச்சூர்
8 மே 1998

மங்கா,

கதவு திறந்துதான் இருந்தது. காலை நேரம். கையை உள்ளே விட்டு வேலை செய்கிறவன் கதவை மூடிக்கொண்டு எப்படி அளப்பான்?

உன் கடிதத்தைப் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை படித்தேன். சால்வர் ஊர்ந்தது, ஓடியது என்கிறாய். சுஹாஸின் எண்ணை நம்பாதே என்றால் உன் எண்ணை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? ரெண்டும் அதே கம்ப்யூட்டரிலிருந்து வந்ததுதானே.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. சூடு மிஞ்சினால் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்றை நான் முதலில் வரைந்திருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நூற்றெட்டுதானே, எதற்கு வீண் செலவு என்று கஸ்தூரிரங்கன் அதை எடுக்கச் சொன்னார். நானும் எடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அப்போது நாம் பேசிக்கொண்டிருக்கவில்லை.

மாட்டிய பெட்டிகள் எல்லாம் மூடித்தான் இருக்கின்றன. பல்லி, எலி, பிள்ளைகள். திறந்துவைத்துவிட்டு வர முடியாது. நாளை மல்லாபுரத்தில் வேண்டுமென்றே பேட்டரியைக் காலி செய்துவிட்டு, மதியம் கதவை மூடி அளந்து பார்க்கப் போகிறேன். உன் வாயை அடைக்கத்தான்.

நோயல்


ராய்ச்சூர் ஜில்லா ஆஸ்பத்திரி
10 மே 1998

மங்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். பதிலையும் கூரியரில் அனுப்பு.

நேற்று மல்லாபுரத்தில் கதவை மூடினேன். கம்பியை மட்டும் வெளியே எடுத்து மீட்டரில் மாட்டிவிட்டு வாசல் நிழலில் உட்கார்ந்தேன். அறைக்குள் நாற்பத்து மூன்று. சந்திரம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருக்கு மீட்டரில் ஓடும் எண்கள் பிடித்துப்போய்விட்டன. ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். தொண்ணூறு. தொண்ணூற்றாறு. நூற்று மூன்று. நூற்றெட்டு. அங்கே நின்றது.

உண்மையாகவே நின்றது. ரொம்ப நேரம் அசையவில்லை. சந்திரம்மாவுக்கே அலுத்துப்போய்க் கோழியைப் பார்க்க எழுந்து போனார். நான் சந்தோஷத்தில் காகிதத்தை எடுத்து உனக்கு எழுதவே ஆரம்பித்துவிட்டேன். என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன், கிழித்துப் போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் நூற்றொன்பது. காற்று மாறியிருக்கும் என்று நினைத்தேன். நூற்றுப் பதினொன்று. அதற்கப்புறம் நீ எழுதியிருந்த மாதிரியேதான். சந்திரம்மா திரும்பி வரும்போது நூற்று நாற்பது. வார்னிஷ் கருகும் வாசனை வந்துவிட்டது. மெயினை அணைத்தேன். சந்திரம்மா மீட்டரை எட்டிப் பார்த்தார். "ஏனாய்த்து சார்?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்குப் போன் வராது என்று மட்டும் சொன்னேன்.

மற்ற ஊர்ப் பெட்டிகளை அணைக்க உடனே கிளம்பினேன். மூன்றாவது ஊரில் இறங்கும்போதே பஸ் கண்டக்டர் சொன்னார், ஹொசகேரி எக்ஸ்சேஞ்ச் எரிந்துவிட்டது என்று. காலையிலிருந்து கரண்ட் இல்லையாம், மதியம் வந்திருக்கிறது. அங்கே லைன் வேலைக்குப் போயிருந்த கோவிந்தன் கதவிடுக்கில் புகை வந்ததைப் பார்த்து ஓடிப்போய் வெறுங்கையால் கைப்பிடியைப் பிடித்துத் திறந்திருக்கிறார். இரும்பு. இரண்டு உள்ளங்கையும் போய்விட்டன. வலது கை மோசம். உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார் டாக்டர். அவருடைய மனைவி இன்னும் ஊரிலிருந்து வந்துசேரவில்லை. சோறு நான்தான் ஊட்டினேன். அவர் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லாப் பெட்டிகளையும் அணைத்துவிட்டேன். ஊர்க்காரர்கள் லேசில் விடவில்லை. ஒரு ஊரில் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண், இன்னொரு ஊரில் பம்பாயில் மில் வேலைக்குப் போன பிள்ளைகள். இப்போதுதானே வந்தது, அதற்குள் எடுக்கிறீர்களே என்கிறார்கள். போர்டை மாற்றிக் கொண்டுவர மாதங்கள் ஆகும். சார்ஜ் ஏற்றும் கரண்டைக் குறைத்தால் சூடு குறையும், அதற்கு ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் போதும், என் கையாலேயே மாற்ற முடியும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அதிகம் குறைத்தால் பவர்கட்டுக்கு நடுவே பேட்டரி நிரம்பாது. கொஞ்சமாகக் குறைத்தால் இன்னொரு கோவிந்தன்.

எனக்கு ஒரு எண் வேண்டும். நீ கொடுக்கும் எண்.

நோயல்


லிங்கராஜபுரம்
14 மே 1998

நோயல்,

முதலில் எண். மூன்றில் இரண்டு பங்கு கரண்ட். அதற்கு மேல் போகாதே. அறைச் சூடு நாற்பத்தேழு என்று வைத்து, கதவை மூடி, முழு நாளும் சார்ஜ் ஏறுவதாக வைத்துப் பார்த்தேன். எழுபத்தொரு டிகிரியில் நிற்கிறது.

நிற்கிறது என்று இந்த முறை எதை வைத்துச் சொல்கிறேன் என்று நீ கேட்பாய், கேட்க வேண்டும். பிறக்கும் சூடும் வெளியேறும் சூடும் ஒவ்வொரு கட்டத்திலும் சமமாகும்வரை ஓடவிட்டேன். குளிர்ந்த போர்டிலிருந்து ஒருமுறை தொடங்கினேன், ஏற்கெனவே நூறு டிகிரியில் இருக்கும் போர்டிலிருந்து ஒருமுறை தொடங்கினேன். ஒன்று ஏறி வந்து, மற்றது இறங்கி வந்து, இரண்டும் எழுபத்தொன்றில் சேர்ந்தன. அதன் பிறகு திருத்தும் முறையையே விட்டுவிட்டு, நிஜத்தில் சூடு ஏறுவதுபோல் நிமிஷம் நிமிஷமாக நடத்திப் பார்த்தேன். அதுவும் அங்கேதான் வந்தது. இருந்தாலும் நீ அளந்து பார்க்காமல் எந்த ஊரையும் விட்டு நகராதே. இதுவும் கம்ப்யூட்டர் கொடுத்த எண்தான்.

உன் கடிதம் வந்த அன்றே கஸ்தூரிரங்கனிடம் போனேன். கோவிந்தனைப் பற்றிச் சொன்னதும் நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். பெல்லாரிக்கும் குல்பர்காவுக்கும் போக இன்னொரு லோடு போர்டுகள் பேக்கிங்கில் இருக்கின்றன, அவற்றை நிறுத்துங்கள் என்றேன். அங்கேதான் அவர் முகம் மாறியது. "ஒரு பெட்டி எரிஞ்சதுக்கு ஒன்பது காரணம் இருக்கும்மா. நிதானமா பார்ப்போம். மழை வந்துட்டா நீயே சொல்றபடி பிரச்சனையே இல்லையே" என்றார்.

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அடுத்த வருஷமும் மே மாதம் வரும்.

நானே இலாகா இன்ஜினியருக்கு எழுதி, கணக்கையும் உன் அளவுகளையும் வைத்து, கையெழுத்துப் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஆபீஸில் என் டெர்மினல் திறக்கவில்லை. கஸ்தூரிரங்கன் கூப்பிட்டுச் சத்தம் போடாமல், சில நாள் வீட்டில் இருங்கள் என்றார். அந்தச் சில நாளுக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். மேலே உள்ள கணக்கை நான் அவர் ஆபீஸில் போடவில்லை. கல்லூரியில் ஸ்ரீவித்யாவின் லேபில் ஒரு மிஷினைக் கேட்டு வாங்கி, சால்வரை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதி ஓட்டினேன். நம் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள்தான், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

அன்றைக்கு ஆபீஸை விட்டு வெளியே வந்தபோது வைட்ஃபீல்ட் பஸ் ஸ்டாப்பில் சுஹாஸ் பின்னாலேயே ஓடிவந்தான். இலாகா கூப்பிட்டால் நூற்றெட்டு எப்படி வந்தது என்பதை அவனே வந்து சொல்வதாகச் சொன்னான். வேலை போய்விடுமே என்றேன். "தெரியும் மேடம். அந்த லைன்மேன் கைய நெனச்சா சாப்பிட முடியல" என்றான்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று மறந்துபோகிறது. உன் கைக்கு ஒன்றுமில்லையே என்று அத்தை கேட்டார்கள். இல்லை என்றேன். பிறகுதான் நீ உன் கையைப் பற்றி எழுதவே இல்லை என்பது உறைத்தது. எழுது.

கூட்டத்தில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. இந்த எண்ணை அதற்காக நிறுத்திவைக்க முடியாது என்பதால் அனுப்புகிறேன்.

மங்கை


மல்லாபுரம்
27 மே 1998

மங்கா,

என் கைக்கு ஒன்றுமில்லை. சோல்டரிங் பட்ட சின்னச் சின்னக் கொப்புளங்கள்தான்.

ராய்ச்சூரில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் தேவையான ரெசிஸ்டர்களைத் தேடிக் கொடுத்தார். ஊர் ஊராகப் போய் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் பேட்டரியைக் காலி செய்து, கதவை மூடி, மதியம் முழுக்க மீட்டர் முன்னால் உட்காருகிறேன். மல்லாபுரத்தில் அறைக்குள் நாற்பத்து நான்கு இருந்தபோது போர்டு அறுபத்தொன்பதில் வந்து நின்றது. நின்றது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தேன். அறுபத்தொன்பதுதான். அன்றைக்குச் சந்திரம்மா மஸ்கட்டுக்குப் பேசினார். என்ன பேசினார் என்று கேட்காமல் வெளியே வந்துவிட்டேன். உள்ளேயிருந்து அழுகையும் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன.

இலாகா இன்ஜினியர் வந்தார். உன் கணக்கு அவர் கையில் இருந்தது, ஓரமெல்லாம் பென்சிலில் கேள்வி. எனக்குத் தெரிந்தவரை பதில் சொன்னேன், மற்றதை உன்னிடம் கேட்கச் சொன்னேன். போர்டு யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். சுவிட்சை எடுத்தது யார் என்று கேட்டார். எடுக்கச் சொன்னவர் பெயரையும் சொன்னேன், எடுத்தவன் பெயரையும் சொன்னேன். பெல்லாரி லோடை நிறுத்த உத்தரவு போய்விட்டது.

கோவிந்தனின் வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது. இனிமேல் கம்பம் ஏற முடியாது. இலாகாவில் உட்கார்ந்த வேலை தருவார்கள் என்கிறார் இன்ஜினியர், எழுதியும் கொடுத்திருக்கிறார். கோவிந்தன் அதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் மேல் கோபமா என்று கேட்டேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கோவம் இருக்கு. ஆனா அர்தக்கெ பிட்டு ஹோக்பேடி சார். பாதியில விட்டுட்டுப் போனீங்கன்னா அப்பதான் ஜாஸ்தி கோவம் வரும்."

கலிஃபோர்னியாவிலிருந்து லாட்ஜுக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஜூன் முதல் தேதி வர முடியுமா என்று. முடியாது என்று பதில் கொடுத்துவிட்டேன். உனக்காகச் செய்ததாக நினைக்காதே. இன்னும் நான்கு ஊர் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டத்தில் சொன்னதைப் பற்றி உனக்கு மட்டும் எழுதினால் போதாது. அன்றைக்கு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன்.

தூக்கம் சரியாக வருவதில்லை. கண்ணை மூடினால் மீட்டரில் எண் ஏறுகிறது.

நோயல்


லிங்கராஜபுரம்
1 ஜூன் 1998

நோயல்,

நேற்றுச் சுஹாஸ் வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைக் காட்டினான். நான்கே வரி. "மங்கை சொன்னது கணக்கு. நான் சொன்னது கணக்கு இல்லை. அவள் அந்தப் போர்டை நிறுத்தியது எங்கள் வீட்டுக்காக அல்ல, வேறு யார் வீட்டுக்காகவோ. இதை எல்லோர் முன்னாலும் நான் சொல்ல வேண்டியிருந்ததால் எல்லோருக்கும் எழுதுகிறேன்." கஸ்தூரிரங்கன் அதைப் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாராம். சுஹாஸ் அவருடைய பிரதியைப் பார்க்கவில்லை, தன்னுடையதைத்தான் கொண்டுவந்திருந்தான். அதை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னான். வேண்டாம், உனக்கு எழுதியது உன்னிடமே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோபம் ஒரேயடியாகப் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. ஆனால் அதை இனி நீ இல்லாத வீட்டில் வைத்துக்கொண்டு நான் மட்டும் நடக்க முடியாது.

கம்பெனியிலிருந்து கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லி ஓலை வந்துவிட்டது. அதே நாளில் இலாகா இன்ஜினியரிடமிருந்தும் ஒன்று. மற்ற ஜில்லாக்களில் வேறு கம்பெனிகள் போட்ட சார்ஜர்களையும் இதே மாதிரி பார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியும் என்று எழுதிவிட்டேன். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: கணக்குப் போடுகிறவள் பெட்டி இருக்கும் அறையை நேரில் பார்க்க வேண்டும். தகரக் கூரை எவ்வளவு கொதிக்கும் என்பதை நான் இங்கே விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு என்று நானும்தான் எழுதினேன். உன் கடிதங்களில் அந்த அறை ஒருமுறைகூட நாற்பத்திரண்டில் இல்லை.

நாளை ராத்திரி ரயில் ஏறுகிறேன். மிச்சமிருக்கும் நான்கு ஊரையும் சேர்ந்தே முடிக்கலாம். நீ சோல்டர் செய், நான் மீட்டரைப் பார்க்கிறேன். நடுவில் நீ கொஞ்சம் தூங்கு. கோவிந்தனை ஒருமுறை பார்க்க வேண்டும். என்ன சொல்வதென்று தெரியவில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அத்தை உனக்குக் கொப்புளத்துக்குப் போட ஏதோ எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவை வேண்டாம் என்று சொன்னாயே, அதை எனக்காகச் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அடுத்த முறை ஃபேக்ஸ் வந்தால் பதில் எழுதுவதற்கு முன்னால் என்னிடம் கேள். போகலாம் என்றுகூட நான் சொல்லக்கூடும். கேட்காமல் முடிவு செய்ததுதான் எனக்கு ஆகவில்லை, போகிறேன் என்றபோதும் வரவில்லை என்றபோதும், இரண்டு முறையும்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வேலையை விட்டுவிட்டு நிற்காதே. லாட்ஜ் எங்கே இருக்கிறது என்று கேட்டு வந்துவிடுவேன். நமக்குள் சண்டை இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. தபாலில் போட்டுச் சலித்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்து போடுவோம்.

மங்கா